கீரியின் மேல் போட்ட பழி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐப்பசி மழையில் அக்காவின் கோழிக்குஞ்சுகள் பதினேழைக் கொன்றது கீரி அல்ல. நான்தான். பள்ளிக்கூடத்தில் வெப்பம் பரவும் விதத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற அதே நான். பத்து வருஷத்துக்கு மேலாக உங்களில் பலரிடம் அந்தக் கீரியின் நீளம், அது ஓடிய வேகம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அதன் வாலும் வளர்ந்துகொண்டே வந்தது. அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வரும் இந்த மலரிலாவது அந்த ஜீவனை விடுதலை செய்ய வேண்டும்.

அக்கா ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தே அவர்களுக்கு ஒரு பக்கம் சாய்ந்த நடை வந்துவிட்டது என்பார்கள். நான் அப்போதே கனமான ஆள். அன்னவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அத்தான் காலமானார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. தம்பி வீட்டுக்குப் போய்விடு என்று புகுந்த வீட்டில் சொன்னார்கள். நானும் கூப்பிட்டேன். "ஒன் வீட்டுச் சோத்துக்கு நீயே போதும்டா" என்று சொல்லிவிட்டு, இரண்டு அறை வீட்டில் மகளோடு தங்கிவிட்டார்கள்.

கோழிதான் துணை. மகள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், அதற்கு மேல் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அத்தானின் தம்பி பேச்செடுத்தார். அக்கா இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடைக்கு வைத்தார்கள். இருபத்தொரு குஞ்சு பொரிந்தது. தாய்க்கோழிகளை மறுபடி முட்டைக்கு விட்டுவிட்டு, குஞ்சுகளைத் தாமே வளர்க்க முடிவு செய்தார்கள். வைகாசியில் இவை முட்டையிட ஆரம்பித்தால், முட்டை விற்ற காசில் ஆனியில் மகள் புதுக்கோட்டையில் ஆறாம் வகுப்பு, ஹாஸ்டல். அதுதான் கணக்கு.

குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க அக்கா செய்த அடைகாப்பானை இன்ஜினியர் யாரும் வரைந்து கொடுக்கவில்லை. பழைய கோரைப்பாயை வட்டமாக வளைத்து நிறுத்தினார்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றையொன்று நசுக்குமாம். அடியில் நாலு விரல் உமி. நடுவில் அரிக்கேன் விளக்கு, ஒரு முழ உயரத்தில் கயிற்றில் தொங்கும். மேலே பாதிக்கு மட்டும் சாக்கு. புறங்கையை உள்ளே நீட்டிப் பார்த்துத் திரியை ஏற்றுவார்கள், இறக்குவார்கள்.

நான்கு நாள் மழை. பள்ளிக்கூடம் லீவு. நான் அக்கா வீட்டில் இருந்தேன். காலையில் அவர்கள் அன்னவாசலுக்குத் தவிடு வாங்கக் கிளம்பினார்கள். மகளும் கூடப் போனாள்.

"நான் வாரவரைக்கும் ஒண்ணும் செய்யாம இரு. அதுதான் ஒன் வேலை" என்றார்கள்.

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகச் சுலபமான வேலை அது. அதைத்தான் செய்ய முடியவில்லை. போர்வைக்குள் நானே நடுங்கினேன். எனக்கே குளிர்ந்தால் இத்தனூண்டு உயிருக்கு எப்படி இருக்கும் என்று பாசம் பொங்கியது. விளக்கை இறக்கி உமியிலேயே வைத்தேன். திரியை ஏற்றினேன். இன்னொரு சாக்கைப் போட்டு முழுக்க மூடினேன். சற்று நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், குஞ்சுகள் எல்லாம் விளக்கை விட்டு விலகி, பாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றன. பசி என்று நினைத்தேன். ஒரு பிடி நொய்யைத் தூவி மறுபடி மூடிவிட்டு, கடமையைச் செய்த நிம்மதியில் படுத்துத் தூங்கினேன்.

எழுந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சாக்கைத் தூக்கினால் முகத்தில் அனல் அடித்தது. நான்கு மட்டும் உயிரோடு இருந்தன. மற்றவற்றைக் கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

மதியம் அக்கா நனைந்து வந்தார்கள்.

"கீரி வந்திருச்சுக்கா. வெரட்டுனேன், அங்கிட்டு வேலிப் பக்கம் ஓடிருச்சு."

அக்கா பாய்க்குள் குனிந்து பார்த்தார்கள். உமியில் விளக்கு இருந்த இடம் வட்டமாகக் கருகியிருந்தது. அதன்மேல் புறங்கையைச் சிறிது நேரம் வைத்திருந்தார்கள். பிறகு நிமிர்ந்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்கள்.

சாயங்காலம் அத்தானின் தம்பி வந்து வாசலில் நின்று சிரித்தார். "கோழி வளத்து மகளக் கலெக்டராக்கப் போறீகளாமே, என்னாச்சு?"

"கீரிங்க. அதுக்குத் தெரியுமா எம்மக படிக்கணும்னு" என்றார்கள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் விளக்கு அதே முழ உயரத்தில் தொங்க, அதன் கயிற்றை என் கைக்கு எட்டாத உத்தரத்தில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். கீரிக்குப் பயந்து விளக்குக் கயிற்றை ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று இந்த வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

மகள் அந்த ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா, நீ இன்று மணமேல்குடியில் டீச்சர். அந்த ஒரு வருஷத்தை உன்னிடமிருந்து எடுத்தவன் உன் மாமன்தான். அடுத்த வருஷம் முப்பது குஞ்சுகளை வளர்த்து உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் உன் தாயார்.

சென்ற மார்கழியில் அக்காவுக்கு நெஞ்சுச் சளி கண்டது. பத்து நாள்தான். தினமும் ஊசி போட சைக்கிளில் வந்த கம்பவுண்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்துத் தலை வாரிவிட்ட எதிர்வீட்டு அம்மாளுக்கும், மகள் வந்து இறங்க வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்திய டிரைவருக்கும், மழையென்று பாராமல் வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடைசியில் வந்து பந்தல் கால் நட்டவர், அன்றைக்கு வாசலில் நின்று சிரித்த அத்தானின் தம்பி. அவருக்கும் நன்றி.

அக்கா பேசிய கடைசி மாலை நான் பக்கத்தில் இருந்தேன். கை சில்லென்று இருந்தது. கணப்புச் சட்டியில் தணல் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். போதாதென்று தோன்றியது. இன்னும் இரண்டு கரித்துண்டு போட்டுத் தலைமாட்டுக்கே நகர்த்தினேன். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. முகம் சுவர்ப் பக்கம் விலகிப் போயிற்று. அப்போதுதான் என்னையறியாமல் அழுகை வந்தது.

"அக்கா, அந்தக் குஞ்சுக... கீரி இல்லக்கா. நாந்தான்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்டா. சட்டியத் தள்ளி வை."