ஐந்தாவது ஆள்

பௌர்ணமியன்று மாலை நாலரை மணிக்கு அப்பாவுக்கு மூச்சு திணற ஆரம்பித்தது. நாள் பார்த்து எதையும் செய்கிறவர் இல்லை அவர். செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். எங்கள் தெருவிலோ இரண்டு பக்கமும் வெளியூர்க்காரர்களின் பைக்குகள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் சொன்னார். “தெருமுனையில நிக்கிறேன் சார். ஸ்ட்ரெச்சர் இந்தச் சந்துல நுழையாது. சேர்ல உக்கார வச்சு தூக்கினு வந்துடுங்க. சீக்கிரம்.”

தூக்கலாம். தூக்க ஆள்?

எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். பெற்றவர்கள் மட்டும் இங்கே. கீழ்ப்பகுதியை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, அதில் மாத்திரை வாங்கிக்கொண்டு, மாடியில் குடியிருப்பதுதான் இப்போது தெருவின் தொழில். முட்டி வலிக்காரர்கள் மேலே. யோகா செய்கிறவர்கள் கீழே. எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் இருந்த வெளிநாட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு மலை சுற்றப் போயிருந்தார். ஐம்பத்து நான்கு வயதான நான்தான் இந்தத் தெருவின் இளைஞரணி.

அம்மா போட்ட சத்தத்தில் மூன்று பேர் படியேறி வந்தார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், பக்கத்து வீட்டுக் கண்டக்டர், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். மூவருமே எழுபதைத் தாண்டியவர்கள். படியேறி வந்த களைப்பில் மூவருக்கும் மூச்சு வாங்கியது. ஒரு கணம், யார் யாரைத் தூக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கே குழப்பம்.

அப்பாவை மரநாற்காலியில் உட்காரவைத்து வேட்டியால் இடுப்பைக் கட்டினோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்தோம். வாத்தியார் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“நாலு பேரா தூக்கறது?”

“நாலு காலுக்கு நாலு பேர்தானே சார்?” என்றேன்.

“உயிரோட இருக்கற மனுசன நாலு பேர் தூக்கினு வாசலைத் தாண்டக் கூடாது தம்பி. அது வேற கணக்கு.”

கண்டக்டரும் கையை எடுத்துவிட்டார். “ஆமாங்க. ஒரு ஆளு ஜாஸ்தி வேணும். இல்லன்னா ஒண்ணு கம்மி பண்ணு.”

“மூணு பேரால முடியுமா? நம்ம லட்சணத்துக்கு?” என்றார் பாய். அவர் மட்டும் காலை விடவில்லை. “ரோட்டுல லட்சம் பேரு போறான். ஒருத்தனக் கூப்புடு தம்பி.”

பால்கனிக்கு ஓடினேன். பைக்குகளுக்கு நடுவே ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. “சார், இங்க! ஒரு கை குடுங்க!” என்று கத்தினேன். தெருமுனை ஒலிபெருக்கி என்னை விழுங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தலைவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் வீசுகிற என்னைப் பக்தியோடு கும்பிட்டுவிட்டு நடந்தார்.

நிறையப் படித்தவன் நான். சகுனத்தைப் பற்றி மேடையில் கிண்டலாகப் பேசிக் கைதட்டல் வாங்கியவன். ஆனால் அந்த நிமிடம், தூக்கிக்கொண்டு போய், வழியில் ஏதாவது ஆகிவிட்டால், நாலு பேர் தூக்கியதால்தான் என்று ஆயுசுக்கும் எனக்குத் தோன்றும் என்று பயந்தேன். அப்பாவின் நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைக் கிழிப்பது போலச் சத்தம். போன் மறுபடி அடித்தது. டிரைவர்தான். “சார், போலீஸ்காரரு வண்டிய எடுக்கச் சொல்றாரு. எங்க இருக்கீங்க?”

அம்மா வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

“நான் அஞ்சாவது ஆளு. தூக்குங்க.”

“பொம்பளைங்க தூக்குற வழக்கமில்லியேம்மா…” என்று இழுத்தார் வாத்தியார்.

“அதனாலதான் சொல்றேன். நான் புடிச்சா இது பாடை இல்ல. அவரு மூச்ச எண்ணுங்க சார், ஆள எண்ணாதீங்க.”

தூக்கினோம்.

படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். கண்டக்டர் முன்னால் நின்று பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார். “ரைட்… ரைட்… ஹோல்டான்!” திருப்பத்தில் நாற்காலி சுவரில் சிக்கியது. பாயின் கை வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய, மொத்த எடையும் என் பக்கம் இறங்கியது. என் இடுப்பில் ஏதோ அறுந்தது. அப்பாவின் தலை தொங்கியது. ஈரத்துணிச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா அவர் கன்னத்தில் தட்டி, “இன்னாங்க, இன்னாங்க” என்றாள். யாரும் அசையவில்லை. பிறகு மறுபடி அந்தச் சத்தம். அவ்வளவு கொடூரமான சத்தத்தைக் கேட்டு அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை நான்.

“ரைட்!” என்றார் கண்டக்டர்.

பைக்குகளுக்கு இடையே, கண்ணாடிகளை இடித்துக்கொண்டு, இரண்டு முறை கீழே வைத்துத் தூக்கி, தெருமுனையை அடைந்தோம். ஆம்புலன்ஸ்காரர்கள் அப்பாவை வாங்கி ஆக்சிஜனைப் பொருத்தினார்கள். கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். நான் காலைத் தூக்குவதற்குள் அம்மா ஏறிவிட்டாள். “நீ இவங்களப் பாரு. தண்ணி குடு” என்றாள். வண்டி அலறிக்கொண்டு கூட்டத்துக்குள் நத்தையாக நகர்ந்தது.

நாங்கள் நாலு பேரும் பூட்டிய கடை ஒன்றின் படியில் சரிந்தோம். என் இடுப்பு அதற்குப் பிறகு நிமிரவில்லை. அன்னதானக்காரர் ஒருவர் எங்களை என்னவென்று நினைத்தாரோ, ஆளுக்கொரு தொன்னை சாம்பார் சாதம் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை. போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

“மூச்சு சீராயிடுச்சாம். ராத்திரி ஐ.சி.யூ.ல வச்சுப் பாக்கணும்னு சொல்றாங்க. உங்கப்பா ஜாடையில கேக்குறாரு, தூக்கினவங்கள்லாம் எழுந்துட்டாங்களான்னு.”

“மூணு பேரு எழுந்துட்டாங்கம்மா” என்றேன். “நாலாவது ஆளத்தான் இப்ப பாய் கை குடுத்துத் தூக்கினு இருக்காரு.”