பூட்டிய வீட்டுக் கள்ளிச்செடி

துறைமுகத்துக்கு வந்திறங்கும் பழங்களிலும் செடிகளிலும் ஒட்டியிருக்கும் செதில்பூச்சிகளை இனம் பிரித்துச் சொல்வது என் வேலை. அப்போது காயல்பட்டினத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு லாத்தா (அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னைத் தன் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். அடுத்த வீட்டின் முற்றம் அங்கிருந்து தெரியும். அந்தக் குடும்பம் துபாய் போய் இரண்டு வருடமாகியிருந்தது. வீடு பூட்டியே கிடந்தது.

“அந்தச் சுவத்தப் பாரு. ரத்தம் மாதிரில்ல இருக்கு?”

தொட்டியில் ஆளுயரச் சப்பாத்திக்கள்ளி. அதையொட்டிய வெள்ளைச் சுவரில் கருஞ்சிவப்பாகத் தடங்கள்.

லாத்தாவிடம் பின்வாசல் சாவி இருந்தது. “நான் வரமாட்டேன். நீ பூச்சி பாக்குற பிள்ள, போய்ட்டு வா.”

கள்ளி மடல்களில் பஞ்சு பஞ்சாக வெள்ளைத் திட்டுகள். மாவுப்பூச்சியும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அதை நசுக்கினால் இந்தச் சிவப்பு வராது. குச்சியால் பஞ்சை விலக்கினேன். உள்ளே உருண்டையாகப் பெண்பூச்சி. இறக்கை கிடையாது, கால்கள் பேருக்குத்தான். ஒட்டிய இடத்திலேயே சாறு உறிஞ்சி, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். விரலால் அழுத்தினேன். நுனி சிவந்தது. கொச்சினீல், சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சி.

ரத்தமில்லை என்று நிம்மதியாக நிமிர்ந்தபோதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு தடத்திலும் ஐந்து விரல்கள். கடைசித் தடம் அந்த வெயிலிலும் ஈரமாக இருந்தது.

“அது என் கள்ளியத் தின்னுது. நசுக்கி நசுக்கிச் சுவத்துல தொடைக்கிறேன்,” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

உள்கதவருகே அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் நின்றார். விரல்களெல்லாம் சிவப்பு. அந்த வீட்டுக்கார அம்மாள்தான் என்று புரிந்தது.

“எப்ப வந்தீங்க?”

“நாலு மாசமாச்சு. மகன் வீட்ல மூச்சு முட்டுச்சு, வந்துட்டேன். முக்காட்ட இழுத்துவிட்டுக் கடைக்குப் போனா யாருக்குத் தெரியும்? ஏன் வந்தேன்னு கேப்பாங்க. சொல்லாதம்மா.”

நாலு மாதமாக, சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு பூச்சிகளைக் குப்பியில் எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

மறுநாள் ஆய்வகத்தில் அவற்றைக் காரக் கரைசலில் போட்டுச் சூடாக்கினேன். சிவப்பு ஊதாவாகிக் கரைந்து, கண்ணாடிபோலத் தோல் மட்டும் மிஞ்சியது. நுண்ணோக்கியில் முனை வெட்டினாற்போன்ற கட்டை மயிர்கள், கொத்துக்கொத்தாகத் துளைகள். சந்தேகமே இல்லை.

சாயங்காலம் லாத்தாவிடம் சொன்னேன். “பூச்சிதான், லாத்தா. ரத்தமில்ல.”

“பூச்சிக்குக் கை இருக்கா? நான் விரலப் பாத்தேன்.”

நான் பின்வாசல் சாவியைத் திருப்பி நீட்டினேன். லாத்தா என் முகத்தையே பார்த்தார். பிறகு மாடியேறி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். “சோறு ஆக்கியிருக்கேன், வா.”

வெகுநேரம் கழித்துக் கீழே, பூட்டிய வீட்டில், ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.