செத்த நெஞ்சுக்கும் மரியாதை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்தில் பம்பக்கா என்றால்தான் தெரியும். நின்றுபோன நெஞ்சை அழுத்தி அழுத்தி உயிரை இறைக்கிறவள் என்று யாரோ கேலியாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவரான டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, கப்பல். எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் வண்டியைக் கப்பல் மாதிரி ஆற அமரத் திருப்புவார். ஆனால் ஒரு சுவரிலும் உரசியது கிடையாது.

நிலையம் என்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. இரண்டு பெஞ்சு, ஒரு போன், கால் ஒன்று ஆடுகிற மேஜை. சலவைக்கூடத்து நீராவியில் சுவர் எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும். அந்த அறைக்குள் மட்டும் புழங்குகிற சொல் ஒன்று இருந்தது. மரியாதை.

அது வேறொன்றுமில்லை. போன் வரும், ஓடுவார்கள். போய்ப் பார்த்தால் உடம்பு சில்லிட்டுத் தாடை இறுகிப்போயிருக்கும். எப்போதோ முடிந்த கதை. ஆனால் இறந்துவிட்டார் என்று சொல்லும் உரிமை டாக்டருக்கு மட்டும்தான், ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் கிடையாது. உரிமை இருந்தாலும் சொல்லிவிட முடியுமா? காலைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பாள். தெருமுனைவரை ஓடிவந்து வண்டிக்குக் கை காட்டிய மகன் மூச்சிரைக்க நிற்பான். அக்கம்பக்கம் வாசலை அடைத்திருக்கும். அத்தனை கண்களுக்கும் நடுவில் பையை மூடிக்கொண்டு எழுந்திருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதனால் அவள் மண்டியிட்டு அழுத்துவாள். எலும்பு நோகாமல், மேலாக. முகத்தில் ஆக்சிஜன் மூடி. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கப்பல் அவசரம் காட்டுவார். வண்டிக் கதவு சாத்தியதும் கையை எடுத்துவிட்டு, விரலால் இமைகளை மூடி, துணியை இழுத்து விடுவாள். மற்றதை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிக்கொள்வார். வீட்டுக்குள் நுழைந்ததும் கப்பல் தாழ்ந்த குரலில் "மரியாதையா?" என்பார். அவள் தலையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும், அடுத்து என்ன என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரே ஒரு தடவை அவள் அதைச் செய்யவில்லை. மரச்சாமான் கடைக்காரர் ஒருவரின் வீடு. என்னவோ அன்றைக்கு மனசு ஒப்பவில்லை. மூத்த மகனிடம், "தம்பி, அப்பா போயிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். "தொட்டுக்கூடப் பாக்காம சொல்றியா?" என்று அவன் தூக்கியது இரும்பு நாற்காலி. அவளைக் குறிவைத்தான். நடுவில் பாய்ந்த கப்பலின் தலையில் இறங்கியது. இடது காது அதோடு போயிற்று.

காது போனதுகூடப் பெரிதில்லை. போலீஸ் நிலையத்தில் சொன்னதுதான் அவளை உறுத்தியது. நாட்டின் சட்டப்படி ஆம்புலன்ஸ்காரர்கள் மருத்துவப் பணியாளர்கள் இல்லையாம், ஒப்பந்த வாகனத்து ஆட்களாம். நர்ஸை அடித்தால் ஜாமீன் கிடையாது. இவர்களை அடித்தால் அது வாய்த்தகராறு.

"அப்ப நான் லாரி கிளீனர், நீ கண்டக்டர். டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்" என்று கட்டுப்போட்ட தலையோடு கப்பல் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதுவரை ஊழியர் சங்கக் கூட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் விடவில்லை. விடுமுறை நாளில் ஊர் ஊராகப் போய் மற்ற நிலையத்து ஆட்களைப் பார்த்தாள். எங்களையும் மருத்துவப் பணியாளர் என்று தேசியச் சட்டத்தில் சேருங்கள், அடிபட்டால் வைத்தியம் பாருங்கள், கண்ணுக்குத் தெரிந்த சாவைச் சாவு என்று சொல்ல எங்களுக்கும் உரிமை கொடுங்கள். எங்கே போனாலும் இதையேதான் பேசினாள்.

வீட்டு முன்னறையில் மின்விசிறி பழுது பார்க்கும் அவள் கணவர், "ஏம்மா, எனக்கும் ஒரு மனு எழுதிக் குடு. வாரத்துல ஒரு நாளாவது பொண்டாட்டி வீட்ல இருக்கணும்னு" என்பார். சொல்லிவிட்டு, அவள் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுப்பார்.

கடைசியில் நாடாளுமன்றக் குழுவிலிருந்தே விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பேசப் போகிறவள் அவள்தான் என்று சங்கம் முடிவு செய்தது. சங்கச் செயலாளர் அவளைத் தனியாக அழைத்துப்போனார்.

"காது போன கதையச் சொல்லுங்க. நம்ம வண்டிங்க மேல கல்லெறிஞ்சதச் சொல்லுங்க. அந்த மரியாதை விஷயத்த மட்டும் வாயத் திறந்துடாதீங்க."

"அதுதானே சார் எல்லாத்துக்கும் மூலம்? பயந்துக்கிட்டு நடிக்கிறோம்னு சொல்லாம எப்படிச் சொல்றது?"

"உள்ள சொன்னா நியாயம். வெளியில வந்தா வேற மாதிரி ஆயிடும். அவ்வளவுதான் சொல்வேன்."

குழு அறையில் குளிர் அதிகம். மேஜை நீளமாக, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. சிடுசிடுப்பானவர்களாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனாள். அப்படியெல்லாம் இல்லை. தலைவராக இருந்த அம்மாள் தன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பொறுமையாகக் கேட்டார்கள். அந்தப் பொறுமைதான் அவள் வாயை அவிழ்த்துவிட்டது போலும்.

"கூட்டம் கோபமா இருக்கும்போது எப்படிச் சமாளிப்பீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"செத்துப்போனவங்களுக்கும் அழுத்துவோம்மா. சும்மா காட்டுறதுக்கு" என்றாள் அவள். "இல்லன்னா நாங்க உயிரோட வெளிய வர முடியாது."

 தலைவர் மெல்லச் சொன்னார். "இதத்தான் எங்களுக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லல." அடுத்த கூட்டத்தொடரிலேயே சட்டத் திருத்தம் கொண்டுவரப் பரிந்துரைக்கிறோம் என்றார். வெளியே வந்ததும் செயலாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை ஈரமாக இருந்தது.

விசாரணை டிவி நேரலையில் போயிருந்தது. அவள் பேசியதில் யாரோ முன்னும் பின்னும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். 'செத்துப்போனவங்களுக்கும் அழுத்துவோம். சும்மா காட்டுறதுக்கு.' மறுநாள் காலை கல்லூரிக்குப் போன மகள் பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"அம்மா, பஸ்ல எனக்கு முன்னாடி சீட்ல ரெண்டு பேரு உன்னையப் பாத்துட்டிருந்தாங்க. போன்ல."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க."

அந்த வாரமே கணவரின் கடைக்கு ஓர் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. மேஜை மின்விசிறியை வைத்துவிட்டு, "சுத்துது, ஆனா காத்து வரல" என்றார். கணவர் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டிவியில பேசினது உங்க வீட்டம்மாதானே?"

"ஆமாங்க."

"போன வருஷம் எங்கம்மாவ எடுத்துட்டுப் போனது அவங்கதான்னு நினைக்கிறேன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு. நீலக் கதவு. எங்கம்மாவுக்கு அழுத்தினது எந்த ரகம்னு கேட்டுச் சொல்றீங்களா?"

பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டது.  எழுந்து போய்ப் பதில் சொல்லத்தான் நினைத்தாள். நீலக் கதவு ஞாபகம் இருந்தது. படிக்கட்டில் கிடந்த செருப்புகள்கூட ஞாபகம் இருந்தன. தன் கைக்கடியில் இருந்த அந்த நெஞ்சு மட்டும் எந்த நெஞ்சு என்று தெரியவில்லை. உண்மையாக அழுத்தினோமா, மரியாதையா? எத்தனையோ நெஞ்சுகள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அவள் எழுந்து போகவில்லை.

"அவ டியூட்டியில இருக்கா" என்று கணவர் பொய் சொன்னார். அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போனார். மின்விசிறி சரியாகிவிட்டது. எடுத்துப்போக அவர் வரவே இல்லை. கணவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அன்றிலிருந்து கடைக் கதவில் பாதியைச் சாத்தியே வைத்துக்கொண்டார்.

வேலையிலும் மாற்றம் தெரிந்தது. போகிற வீடுகளில் யாரும் முன்புபோல் அலறுவதில்லை. அமைதியாக விலகி வழி விட்டு, வட்டமாக நின்று அவர்கள் கைகளையே பார்த்தார்கள். அலறலே தேவலை என்றிருந்தது.

"சட்டம் எப்ப வருமாம்?" என்று கப்பல் கேட்டார்.

"அடுத்த கூட்டத்தொடர்னு சொல்லியிருக்காங்க."

"வரட்டும் வரட்டும். அது வர்ற வரைக்கும் நம்மள யாராவது ஆம்புலன்ஸ்ல ஏத்தாம இருந்தாச் சரி."

வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது. மாடிக் குடியிருப்பு, மூன்றாம் தளம். நடுத்தர வயதுக்காரர், சாப்பாட்டு மேஜையருகே விழுந்து கிடந்தார். இப்போதுதான் விழுந்தாராம். தொட்டதுமே தெரிந்தது. உடம்பில் சூடு இருந்தது. தோல் இன்னும் வெளுக்கவில்லை. ஷாக் மெஷினின் பட்டைகளை நெஞ்சில் ஒட்டியதும் அது அதிர்ச்சி கொடு என்றது. கப்பல் அவள் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

அதிர்ச்சி கொடுத்தாள். அழுத்தத் தொடங்கினாள். மேலாக அல்ல, முழு எடையையும் இறக்கி. விலா எலும்பு ஒன்று முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. விழுந்தவரின் தம்பி. மறுகையில் போன், அதன் கண் அவளையே பார்த்தபடி.

"நீதானே அது? நிறுத்து. உண்மையச் சொல்லு. எங்கண்ணன் இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்காரு. கைய எடுங்க."

"இப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவியா?"

அவன் இழுத்த இழுப்பில் அவள் பின்னால் சாய்ந்தாள். கை நெஞ்சைவிட்டு விலகியது. விலகியிருக்கிற ஒவ்வொரு கணமும் என்ன ஆகும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டாவது ஆளான கப்பல் நடுவில் வந்து நின்றார். அவரைச் சுற்றி மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"தம்பி, இது நிஜம்" என்றாள் அவள். "இப்ப என்னையப் பிடிச்சு வெச்சீங்கன்னா, நீங்களே இதப் பொய்யாக்கிடுவீங்க."

பிடி தளர்ந்தது. அவள் மறுபடி குனிந்தாள். அழுத்தினாள். இன்னொரு அதிர்ச்சிக்குப் பின் கழுத்தில் நாடி மெல்லத் துடித்தது. விரலை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கட்டி, படி படியாக இறக்கினார்கள்.  தம்பிக்காரன் கூடவே வண்டிக்குள் ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்தான். கதவை இழுத்து, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டான். முன்னாலிருந்த கப்பலுக்கு அது தெரியாது.

கடைத்தெருவைத் தாண்டி வாகன நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது நாடி நின்றது. அவள் நெஞ்சின்மேல் கையை வைத்தாள். மெஷின் இந்தத் தடவை அதிர்ச்சி வேண்டாம் என்றது. திரையில் கோடு நேராகப் போனது. அழுத்தினாள், ஊசி மருந்தைப் போட்டாள், அழுத்தினாள். சைரன் தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது. வண்டி நகரவில்லை.

அவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முழங்கையை முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்தான். அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"இப்ப?" என்றான்.

கோபமே இல்லாத குரல். பதில் தெரிந்தால் போதும் என்பதுபோலக் கேட்டான். இறந்துவிட்டார் என்று சொல்லும் உரிமை இன்னும் அவளுக்கு வந்துசேரவில்லை. இருக்கிறார் என்று சொன்னால் நம்புவதற்கு இனி யாரும் இல்லை.

"நிஜம்" என்றாள்.

சொல்லிவிட்டு, தன் கைகள் இறங்குகிற ஆழத்தைக் குனிந்து பார்த்தாள். அது நிஜமா, மரியாதையா என்று அவளுக்கே தெரியவில்லை. கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் கைகளைப் பிசைந்தபடி, கதவை மறைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தான்.