வேனுக்குப் போட்ட பந்தல்

ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் அந்தக் காற்றுக்குமிழி நடுக்கோட்டுக்கு வந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஃபோர்மேன் அதை இரும்புக் குழாயின் மேல் வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "இதுக்கு மேல மட்டம் கெடையாது" என்றார். ஐப்பசி மாதத்துப் பிற்பகல். குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. மின்நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் கறுத்துத் தடித்துக்கொண்டே வந்தது. புகை எது, மேகம் எது என்று பிரிக்க முடியவில்லை.

சுரங்கத்தில் எங்கள் பெல்ட் செக்‌ஷனுக்கு அவர் ஃபோர்மேன், நான் கான்ட்ராக்ட் ஆள். கரியைச் சுமந்து மைல்கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட், உருளை ஒரு விரற்கடை சாய்ந்தாலும் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஓரம் கிழியும், கரி கொட்டும். முப்பது வருடம் அந்தச் சாய்வைத் தேடித் தேடியே அவர் கண் பழகிவிட்டது. டீக்கடை பெஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் அகராதியில் கோணல் என்றால் ஆபத்து. மட்டமாக இருப்பது ஆபத்தாகும் ஓர் இடம் உலகத்தில் உண்டு என்பதை அவர் கை அறிந்ததே இல்லை.

ரிட்டையர்மென்ட் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். போவதற்கு அவருக்கு ஊர் இல்லை, சுரங்கத்துக்குப் போய்விட்டது. "எங்க வூடு இருந்த எடத்துல இப்ப வெறுங்காத்துதான்பா இருக்குது" என்பார், சிரித்துக்கொண்டே. அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, வருடக்கணக்காக இளைப்பு. தூசி இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபோர்மேன் யோசித்து யோசித்து ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டார், அடுப்புக்குப் பலகை அடித்தார். முதலில் கல்வராயன் மலை, அங்கே சரிப்படாவிட்டால் அடுத்த மலை. ஒரே ஒரு தடங்கல். தகரக் கூரைக்குக் கீழே அரைமணி நேரம் இருந்தால் அக்காவுக்கு மூச்சு முட்டியது. பகலெல்லாம் அவர் வெளியேதான் உட்கார வேண்டும், அதற்கு நிழல் வேண்டும். எனவே வேனின் பக்கவாட்டில் ஒரு பந்தல். "இதான் ஒன் ரூமு" என்று அவரிடம் சொல்லியிருந்தார் ஃபோர்மேன். அந்த ரூம் நின்றால்தான் பயணம்.

மந்தாரக்குப்பத்தில் லாரித் தார்ப்பாய் வாங்கி வந்தோம். ஒரு விளிம்பை வேன் கூரையில் பற்றவைத்த கொக்கிகளில் மாட்டினோம். எதிர் விளிம்புக்கு ஓர் இரும்புக் குழாய், அதைத் தாங்க இரண்டு குழாய்க்கால்கள். பெல்ட்டை இழுப்பதுபோலவே திருகு போட்டு இழுத்தார். விரலால் சுண்டினால் பறை மாதிரி அதிர்ந்தது. கடைசிச் சுற்றில் கூரைக் கொக்கி ஒன்றிலிருந்து 'ணிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

எங்கள் பெல்ட் ஓரமாக நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், கான்ட்ராக்ட் ஆள்கூட. பெல்ட் நின்றுவிடும். ஆனால் இழுத்தவன் அங்கேயே நின்று காரணம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை ஒன்றுமில்லாததற்கு இழுத்துவிட்டேன். அன்றிலிருந்து செக்‌ஷனில் என் பெயர் 'கயிறு'. அதற்குப் பிறகு கயிறு பக்கம் என் கை போனதில்லை. எல்லோரும் அப்படித்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், அடுத்தவன் இழுக்கட்டும் என்று.

அக்கா உள்ளே இருந்த நேரம் பார்த்து, தண்ணீர் வழிய ஒரு பக்கம் தாழ்த்தலாமே என்று மெதுவாகச் சொன்னேன். ஃபோர்மேன் என் தோளில் தட்டினார். "என்ன கயிறு, மறுபடியும் இழுக்கிறியா?" சிரித்துவிட்டேன். கொக்கியின் சத்தத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அக்கா நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். ரசமட்டத்தைப் பார்த்து, "இதுல இன்னா கரியா ஓட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தார். மழை வந்தது. முதலில் தனித்தனித் துளி, பிறகு ஒரே இரைச்சல். நனையாமல் இருந்ததில் அவருக்குச் சந்தோஷம், கைநீட்டி ஓரத்து மழையைத் தொட்டார். வழிய இடமில்லாத தண்ணீர் தார்ப்பாயின் நடுவில் கூடிக் கூடி வயிறாகத் தொங்கியது. அக்கா அண்ணாந்து பார்த்து, "ஏங்க, ஒங்க பந்தலுக்கு எட்டு மாசம் ஆயிடிச்சு" என்றார். நான் துடைப்பத்தின் காம்பால் மேலே தள்ளப் போனேன். குத்தினால் கிழிந்துவிடும் என்று தடுத்தார் ஃபோர்மேன். தொய்கிற பெல்ட்டுக்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மழையில் நனைந்துகொண்டே போய்த் திருகை இன்னும் இறுக்கினார்.

எழுந்திருங்கள் அக்கா என்ற இரண்டு வார்த்தை என் வாயில் இருந்தது. நான் கொக்கியைப் பார்த்தேன். ஃபோர்மேனின் முதுகைப் பார்த்தேன். மறுபடி கொக்கியைப் பார்த்தேன்.

முதலில் அந்தக் கொக்கி, பிறகு வரிசையாக மற்றவை. தண்ணீரும் குழாயும் சேர்ந்து இறங்கின. குழாய் அக்காவின் கழுத்தெலும்பில் விழுந்தது. ஃபோர்மேன் தண்ணீருக்குள் மண்டியிட்டுத் தார்ப்பாயைக் கையால் கிழிக்கப் பார்த்தார். அவ்வளவு இழுவைக்கும் அது கிழியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஃபோர்மேன் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அக்காவின் தோளில் கட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண்ணால் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ மேலயே பாத்துகினு இருந்த. நான் ஒன்னப் பாத்துகினு இருந்தேன். ஏம்பா சொல்லல?"

"அவர்கிட்ட சொன்னேங்க்கா. கேக்கல."

அக்கா மூச்சு வாங்கக் காத்திருந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: "அவரா கீழ குந்தியிருந்தாரு?"

பயணம் நடக்கவில்லை. மாதக் கடைசியில் மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலைத் திறந்தால் கரி லாரி போகிற ரோடு, மூடினால் புழுக்கம். இரண்டுக்கும் நடுவில் ஏழு மாதம் இழுத்தார் அக்கா. அடுத்த ஐப்பசியை அவர் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். வேனை விற்றுவிட்டார். நான் இன்றும் கான்ட்ராக்ட்தான், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்ப்பேன். அவருக்கு வயதாகிவிட்டது, என்னைக் கயிறு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். யார் இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரரோ கேஸ் சிலிண்டர் போடும் ஆளோ, என்னைக் காட்டி ஒரே கதையைச் சொல்கிறார். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்களாம். வேண்டாம் ஃபோர்மேன், சாய்த்துவிடுங்கள் என்று அன்றைக்கே சொன்னது நான் ஒருத்தன்தானாம். தன் புத்தியில்தான் ஏறவில்லையாம். கேட்பவர்கள் என்னை மரியாதையோடு பார்க்கிறார்கள்.

"இவன் ஒருத்தன்தான்யா எங்கிட்ட சொன்னவன்" என்று முடிப்பார்.

எங்கிட்ட. அந்தச் சொல் வந்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன். குடித்து முடித்த நாளே இல்லை.