டேக் அடித்து எழுதிய எழுத்து

எங்கள் அக்காவின் கணவர் வெல்டர். கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறை அவருடையது. நான் இரும்பு அறுத்துக் கொடுக்கிறவன். தலை நரைத்த பிறகு மாமா சீன மொழி படிக்கக் கிளம்பியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாய்மொழியில் எழுதினாலே அவர் கையெழுத்து அவருக்கே புரியாது.

காரணம் அவருடைய மருமகள். அக்கா மகன் வேலை பார்த்த இடத்தில் ஒரு சீனப் பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். தங்கமான பெண். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு, அக்காவோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய அப்பா அவளோடு பேசுவதில்லை. அவள் போன் போட்டால் அம்மா பேசுவார். அப்பா எழுந்து போய்விடுவார். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டாள். போனை வைத்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள்.

மாமாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "உங்க பொண்ணு இங்க நல்லா இருக்கா" என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"அவளே சொன்னா போதாதா மாமா?" என்றேன்.

"கட்டிக்கிட்டு வந்தவ எப்படி இருந்தாலும் நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவா? சம்பந்தி நான் சொல்லணும்டா. அவர் பாஷையில சொல்லணும்."

போனில் பாடத்தைப் போட்டுக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தார். மகள் என்று சொல்ல, உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு 'ஈ' என்று ஒலிக்க வேண்டும். குரல் வேறு பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். மாமாவுக்குக் குரல் இறங்கினால் கோபம், ஏறினால் கேள்வி. வேறு எதற்கும் அது ஏறி இறங்கிப் பழக்கமில்லை. "யாரை மாமா திட்டுறீங்க?" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

எழுத்தில்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. இரும்புத் தகட்டில் சாக்பீஸால் எழுதிப் பழகினார். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? இரண்டு இரும்பைச் சேர்க்கும்போது முதலில் மூலைகளில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்துவோம். டேக் அடிப்பது என்று பெயர். பிறகுதான் முழுசாக இழுப்போம். மாமா எழுத்தையும் அப்படியே செய்தார். கோடுகள் சேர்கிற இடமெல்லாம் முதலில் புள்ளி, அப்புறம் இணைப்பு.

மருமகள் பார்த்துவிட்டு, "புள்ளி வேண்டாம் மாமா. ஒவ்வொரு கோடும் ஒரே இழுப்பு," என்றாள்.

"டேக் இல்லாம நிக்காதும்மா," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு தகட்டையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சம்பந்தி பேச வந்திருக்கிறார் என்றதும் அந்த அப்பா மரியாதைக்காக வந்து அமர்ந்தார். மகள் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை.

மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. குவிந்த உதடு குவிந்தபடியே நின்றது. இத்தனை நாள் கேலி செய்த நானும் ஓரமாக நின்று என்னை அறியாமல் உதட்டைக் குவித்தேன். அந்தப் பக்கம் அவர் தலையசைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

மாமா அவசரமாகத் தகட்டைப் போனுக்கு எதிரே நிமிர்த்தினார். மகள் என்பது அவர்களுக்கு இரண்டு எழுத்து. வரிசையாகப் புள்ளிகளை வைத்து, இணைக்க ஆரம்பித்தார்.

பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா விழித்தார். அவர் கையால் காற்றில் எழுதிக் காட்டி மறுபடியும் சொன்னார். மாமா மறுபடியும் விழித்தார். பொறுமை போய், அவர் மகள் பக்கம் திரும்பிப் பொரிந்து தள்ளினார்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களின் மேல் கண்ணீர் வழிந்தது.

"என்னம்மா? திட்டுறாரா?" என்றார் மாமா.

"என்னைத்தான் மாமா. இத்தனை நாளா அந்த வீட்டுல இருக்கியே, உங்க மாமாவுக்கு ஒழுங்கா எழுதச் சொல்லிக் குடுக்க மாட்டியான்னு கேக்குறாரு."

மாமா இஸ்திரி போட்ட சட்டையாலேயே தகட்டைத் துடைத்தார்.

"இன்னொரு தடவை டேக் அடிச்சே எழுதவாம்மா?" என்று கேட்டார்.