புண் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது

ஊரே பனியனில் கறை தேடும் திருப்பூரில், தீக்காயத்தில் கிருமி தேடிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் சகபாவிகளுக்குத் தெரியும், "ரிசல்ட் வந்துருச்சா?" என்று கேட்காத மனிதரை நாம் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

என்ன அவசரம்?

சாயப்பட்டறையில் கொதிதண்ணீர் கொட்டி, முதுகு வெந்துபோய்க் குப்புறப் படுத்திருந்தார் பழனிசாமி அண்ணன். புண்ணைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து வந்தேன். மதியமே அவர் மனைவி சரஸ்வதியக்கா லேப் ஜன்னலில் நின்றார். "கிருமியைத் தட்டுல வளத்துத்தான் பாக்கோணுங்க்கா, ரெண்டு மூணு நாளாகும்" என்றேன். அக்கா கோபப்படவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அவரு முதுகுல மட்டும் ஒரே ராத்திரில வளந்துருச்சே கண்ணு?"

பச்சை

தட்டில் பளிச்சென்று பச்சை படர்ந்திருந்தது. சூடோமோனாஸ். தீக்காயம் என்றால் தேடி வந்து குடியேறும் கிருமி. நஞ்சைச் சுரந்து சதையை அரிக்கும், ஒட்டுத்தோல் வைத்தாலும் பிடிக்க விடாது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சொன்னோம், டாக்டரம்மா மருந்தை மாற்றினார். அந்தக் கிருமியைப் பார்த்தே தீர வேண்டும் என்றார் அக்கா. மூடிய தட்டைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து காட்டினேன்.

மறுபடி புண்ணைத் தொட்டெடுக்க வார்டுக்குப் போனபோது, அதுவரை வலியில் யாரிடமும் பேசாமலிருந்த அண்ணன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். பச்சையைப் பற்றி அக்கா சொல்லியிருப்பார் போல. அவர் சொன்னதைக் கேட்டு அக்கா சிரித்தார், சிரித்தபடியே அழுதார்.

"அந்தப் பச்சைக் கலர்ல ஒரு சாம்பிள் குடுங்க, துணி வாங்கற பையர்கிட்ட அப்ரூவல் வாங்கிப்போடலாம்."

சின்னப் புண்

பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் காதரின் மகள் ஆயிஷாவுக்கு இரண்டு வயது. வீட்டில் டீ கொட்டிப் பாதத்தில் சின்னக் காயம். சீழ் இல்லை, நாற்றம் இல்லை, பார்க்கச் சுத்தமான புண். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பெல்லாம் சிவந்து, வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது. டாக்டரம்மா பார்த்ததுமே சந்தேகப்பட்டு, புண்ணைக் கழுவி மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

என் தட்டில் பொன்னிறப் புள்ளிகள் வளர்ந்தன. ஸ்டாஃபிலோகாக்கஸ், நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் ஸ்டாஃப் கிருமிதான். அது நஞ்சு சுரக்கும் ரகமா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சோதனைக்குக் கோயமுத்தூர் அனுப்ப வேண்டும். போனில் சொன்னேன். "அனுப்பும்மா. ஆனா நான் அதுக்காகக் காத்திருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

காதர் ஜன்னலுக்கு வந்தார். "புண்ணு ஆறிட்டுத்தானுங்க இருந்துச்சு. நாங்க கவனிக்காம உட்டுட்டமுங்களா? எம்பொண்டாட்டி நூரு சோறே திங்க மாட்டீங்கறா, தன்னாலதான்னு அழுவுறா." கிருமி புண்ணிலேயே இருந்துகொண்டு நஞ்சை மட்டும் ரத்தத்தில் கலந்துவிடும், வெளியே தெரியாது என்றேன். உறுதியாகத் தெரியாமல் அதற்கு மேல் என்ன சொல்வது? தலையாட்டிவிட்டுப் போனார். நம்பின மாதிரி தெரியவில்லை.

கோயமுத்தூர் ரிப்போர்ட் வந்தபோது காய்ச்சல் இறங்கி, இந்த நஞ்சு தணியும்போது வழக்கமாக நடப்பதுபோல் ஆயிஷாவின் உள்ளங்கையில் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. குழந்தை அப்பா மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நஞ்சு சுரக்கும் கிருமியேதான் என்று சொன்னேன். வைத்தியத்துக்கு இனி அந்தத் தகவல் தேவையே இல்லை. காதர் என்னைப் பார்க்கவில்லை; சுவரோரம் தலை குனிந்து நின்ற மனைவியைத்தான் பார்த்தார்.

"கேட்டியா நூரு, உம்மேல தப்பில்லையாமா, லேபுலயே சொல்லிட்டாங்க."

எங்கள் ரிசல்ட் டாக்டருக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் போகிறது, ஆனால் அதற்காகவே காத்திருக்கும் வேறு யாராவது ஒருவர் வார்டில் எப்படியும் இருந்துவிடுகிறார்.