வள்ளத்தில் தண்ணீர் ஊற்றியவர்

ஊரெல்லாம் வள்ளத்துக்குள் இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டும். என் வீட்டுக்காரர் ஒருவர்தான் குடம் குடமாகக் கொண்டுவந்து உள்ளே ஊற்றினார். அதுவும் கரையில், எங்கள் தென்னைகளுக்கு நடுவே, இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த பழைய வள்ளத்தில். படித்துறைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கள்ளுக்கடைக் குஞ்ஞவறான் கேட்டே விட்டான்: "என்ன ஈப்பச்சா, வள்ளத்துக்குத் தாகமா?"

ஈப்பச்சன் தெருமுக்கில் தையற்கடை வைத்திருப்பவர். எங்கள் கிழக்கேச்சிறை ஊரில் சட்டை, ரவிக்கை, பள்ளிக்கூட உடுப்பு எல்லாம் அவர் தைத்ததுதான். ஒரு நிமிஷம் சும்மா இருக்க அவரால் ஆகாது. மெஷினை விட்டு எழுந்த பிறகும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். பூசையில் முழங்கால் போட்டு நிற்கும்போது பாதம் பின்னால் ஆடும், பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும். கல்யாணமான புதிதில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து யாருக்கு வேடிக்கை? அவர் அசையாமல் நின்ற இடம் உலகத்திலேயே ஒன்றுதான், எங்கள் ஊர்ப் பந்தயத்து நீள வள்ளமான சுண்டனின் அமரம். நூறு பேர் உட்கார்ந்து துழாவுவார்கள். வால்பக்கம் ஐந்து பேர் ஆளை விட உயரமான துடுப்போடு நின்று வள்ளத்தைத் திருப்புவார்கள். அந்த ஐவரில் முதல் ஆள் இவர். இவருக்கு நேர் பின்னால் நின்றவன் என் கூடப்பிறந்த தம்பி லூக்கோச்சன்.

போன பந்தயத்தில் கடைசி வளைவு தாண்டும்போது எங்கள் சுண்டன் கால் வள்ள நீளம் முன்னால் இருந்தது. கோட்டைத் தொட்டபோது கால் வள்ளம் பின்னால் இருந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அரை வள்ளம் போய்விட்டது. டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வால்பக்கம் ஒரே நீர்த்தூள். அதில் தெரிந்தது இவர் ஒருவர்தான், துடுப்பை ஆழ முக்கிப் பிடித்தபடி. துடுப்பு தண்ணீருக்குள் இருந்தால் வள்ளத்தைப் பின்னால் பிடித்து இழுக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கரைக் கல்கட்டுப் பக்கம் வால் ஒதுங்கியது, பிடிக்காமல் விட்டிருந்தால் மோதியிருப்போம் என்று இவர் உள்ளதைச் சொன்னார். மற்ற நாலு பேரையும் கேட்டார்கள். நாலு பேரும் தங்கள் துடுப்பு மேலேதான் இருந்தது என்றார்கள்.

அவ்வளவுதான். அமரத்திலிருந்து இவரை எடுத்தார்கள். அந்த இடத்தை லூக்கோச்சனுக்குக் கொடுத்தார்கள். தம்பி அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து என் கையால் மீன்கறி சாப்பிட்டான். "பாவம் அளியன், கை கனத்துப் போச்சு" என்று, அக்காள் புருஷனுக்காக இரங்கி, எனக்கு ஆறுதலும் சொன்னான். நானும் அவன் தட்டில் இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன்.

இவரோ கொதித்துக்கொண்டிருந்தார். ஒற்றைத் துடுப்பு அரை வள்ளத்தைத் தின்னுமா என்பதுதான் அவர் கேள்வி. சாப்பிடும்போது கேட்பார், ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது கேட்பார். வள்ளக் கமிட்டிச் செயலாளர் வர்க்கிச்சனிடமும் போய்க் கேட்டிருக்கிறார். அந்த மனுஷன், தின்னாது என்றால் காட்டு, அடுத்த பந்தயத்துக்கு ஆள் எடுக்கும் முன்னால் காட்டு, இல்லையென்றால் வாயை மூடு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

ஆஞ்சிலிப் பலகையில் நாற்பது அங்குலத்தில் ஒரு சுண்டன் செதுக்கினார். வாலில் ஐந்து துளை, ஐந்து பேர் நிற்கும் இடத்துக்கு. துளையில் செருக ஈர்க்குச்சிகளைச் சீவித் துடுப்பு செய்தார், நிஜத் துடுப்பு எவ்வளவு முங்குமோ அதே கணக்கில். மூக்கில் ஒரு நூல் கட்டி, அதைத் தையல்மெஷினின் சின்னச் சக்கரத்தில் ஓடவிட்டு, மாமரக் கிளை மேல் ஏற்றி, மறுமுனையில் தன் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டார். கத்தரிக்கோல் இறங்கும், சுண்டன் ஓடும். வள்ளத்தின் விளிம்பு நெடுக அளவுநாடாவை ஒட்டினார். என் வேலை, போனைப் பிடித்துப் படம் எடுப்பது. ஓடத் தொடங்கி ஆறாவது வினாடியில் சுண்டனின் மூக்கு நாடாவில் எந்த அங்குலத்தில் நிற்கிறது என்று படத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதைத் தையல் சாக்கட்டியால் சமையலறைச் சுவரில் எழுதுவார். சுண்ணாம்படித்து ஒரு மாதம் ஆகாத சுவர்.

வந்த எண்ணைப் பார்த்தால் தலை சுற்றியது. முதலில் தையல்நூல் நனைந்து நீண்டு கழுத்தறுத்தது. தூண்டில் நரம்பு மாற்றினார். பிறகு காற்று, மேலே தார்ப்பாய் கட்டினார். பிறகு என் வாத்துகள் இறங்கிக் குளித்தன. அதற்கு ஏச்சு எனக்கு. எல்லாம் சரிசெய்த பிறகும், துடுப்பு வைத்த சுண்டன் ஒருதடவை பின்தங்கும், அடுத்த தடவை துடுப்பில்லாததையே முந்திக்கொண்டு ஓடும். இவர் சாக்கட்டியை எறிவார், பொறுக்குவார், மறுபடி எறிவார். நான் போனைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சண்டை பிடிப்பார்.

ஒருநாள் அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது ஏலிச்சேடத்தி வந்து சேர்ந்தாள். மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த ரவிக்கைத் துணி இன்னும் கத்தரியைக் கூடப் பார்க்கவில்லை. கத்தரி மாமரத்தில் தொங்குகிறதே. சேடத்தி வாசலில் நின்று இவரைப் பிடித்துக் காய்ச்சிய காய்ச்சு இருக்கிறதே, நான் உள்ளே போய்ச் சிரித்தேன். அவள் போன பிறகு, முகம் தொங்கிப்போய் வந்தவர், துடுப்பு வைத்து ஒருதடவை ஓட்டினார். பத்து அங்குலம் பின்னால். உடனே இன்னொன்று ஓட்டினார். இரண்டு அங்குலம் முன்னால்.

அப்போதுதான் வள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒருதடவை சுண்டன் ஓடினால் அலை போய் முட்டித் திரும்பி வருகிறது. மனுஷருக்குப் பொறுமை ஏது, அது அடங்கும் முன்னாலேயே அடுத்ததை விட்டுக்கொண்டிருந்தார். சேடத்தி திட்டிய நேரத்தில்தான் தண்ணீர் ஓய்ந்திருந்தது.

அன்றிலிருந்து சின்ன நூல்துண்டு ஒன்றைத் தண்ணீர் மேல் போட்டு வைத்தார். அது அசையாமல் நின்றால்தான் கத்தரிக்கோலை விட வேண்டும். காத்திருப்பது அவருக்குப் பெரும் தண்டனை. வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார், நகம் கடிப்பார், அடங்கிவிட்டதா என்று என்னைக் கேட்பார். ஆனால் விடமாட்டார். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி வர ஆரம்பித்தன. துடுப்பில்லாமல் ஓர் இடம்; ஒரு துடுப்போடு அதிலிருந்து ஒன்பதரை, பத்து, பத்தரை அங்குலம் பின்னால். ஒரு எண்ணைக் கூட, பிடிக்கவில்லை என்று அவர் அழித்ததில்லை. பத்து அங்குலம் என்றால் கால் வள்ளம். ஒற்றைத் துடுப்பு கால் வள்ளம்தான் தின்னும்.

நான் சந்தோஷத்தில், போய் வர்க்கிச்சனைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் நகரவில்லை. மிச்சக் கால் வள்ளம் எங்கே போனது என்று பார்க்காமல் எப்படி என்றார். கரைப்பக்கத்தில் தண்ணீர் ஆழம் குறைவு, அதனால் இருக்குமோ என்று தண்ணீரைக் குறைத்து ஓட்டினார். இருந்தது, ஆனால் ஓரிரண்டு அங்குலம்தான். கடைசியில் இரண்டாவது ஈர்க்குச்சியை எடுத்து, முதல் துளைக்கு நேர் பின்னால் செருகினார்.

சுவரில் அன்றைக்கு எழுதிய எண்கள்: பத்தொன்பது, இருபது, இருபது.

அரை வள்ளம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரத்துணியால் அந்த மூன்று எண்ணையும் துடைத்தார். எந்த எண்ணையும் அழிக்காத மனுஷர். இரண்டாவது குச்சியைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, எங்கேயாவது போடு என்றார்.

"பின்னால நின்னது யாரு, இச்சாயா?" என்று இவரிடம் கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"நீ பேசாம இரு, அச்சாம்மா. ஒண்ணு போதும்னு இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவர் மேலா, தம்பி மேலா, ஞாயிறுதோறும் அவன் தட்டில் மீன் வைத்த என் மேலா? இவர் வாயைத் திறந்தால் என் தம்பி ஊரில் தலைகாட்ட முடியாது. திறக்காவிட்டால் இவர் தலை எப்போதும் குனிந்தேதான் இருக்கும். அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. குச்சியை எறிய எனக்குக் கை வரவில்லை. முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டேன்.

ஒற்றைத் துடுப்புக் கணக்கை மட்டும் காட்ட இவர் கூப்பிட்டபடி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வர்க்கிச்சன் வந்தார், கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், குஞ்ஞவறான் அழையாமலே வந்தான். லூக்கோச்சனும் வந்தான், புது ஜூபாவில். இவர் நூல்துண்டு நிற்கும்வரை காத்து, துடுப்பில்லாமல் ஓட்டிக் காட்டினார், ஒரு துடுப்போடு ஓட்டிக் காட்டினார். வர்க்கிச்சன் தானே நாடாவைப் பார்த்தார், இன்னொருதடவை ஓட்டச் சொன்னார், மறுபடி பார்த்தார்.

"சரி, கால் வள்ளம் உன் துடுப்பு. மிச்சம்?"

இவர் கால் ஆடியது. "தெரியல" என்றார்.

ஒருத்தன் சிரித்தான். பொம்மை வள்ளத்துக்கு இவ்வளவு பாடா என்றான். வர்க்கிச்சன், பாதிக் கணக்கோடு எங்களை ஏன் கூப்பிட்டாய் என்று எழுந்தார். லூக்கோச்சன் அவசரமாக, விடுங்க, அளியனுக்கு மனசு சரியில்லை என்று எல்லாரையும் வாசல்பக்கம் திருப்பினான். மனசு சரியில்லையாம்! அந்த ஒரு சொல்லில்தான் எனக்குப் பொறுக்காமல் போனது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். குச்சியை எடுத்துத் தம்பி முன்னால் நீட்டினேன்.

"லூக்கோச்சா, இதையும் குத்தி ஒருதடவை ஓட்டிப் பார்த்துட்டுப் போகச் சொல்லு."

இவர் "அச்சாம்மா" என்று அதட்டினார். நான் கையை எடுக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், அளியனைப் பார்த்தான். அளியன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குச்சியை வாங்கினான், வள்ளத்தின் மேல் குனிந்தான், செருகினான்.

வர்க்கிச்சன்தான் முதலில் கவனித்தார். "அஞ்சு துளை இருக்கே, லூக்கோச்சா. ரெண்டாவதுலதான் குத்தணும்னு யாரு சொன்னா?"

அவன் நிமிரவில்லை.

"யாரும் சொல்லல. அங்கதான் நான் நின்னேன்" என்றான். "அளியன் முக்கினதும் நானும் முக்கிட்டேன். பயத்துல."

என் கையாலேயே என் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே. வர்க்கிச்சன் மறுபடி உட்கார்ந்தார். லூக்கோச்சன் நரம்பைப் பிடிக்கப் போனான், சீக்கிரம் ஓட்டி முடித்துவிட்டால் போதும் என்பது போல. இவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறுடா. தண்ணி அடங்கட்டும்."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், இவர் முன்னால், அவன் பின்னால். நூல்துண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. இவருடைய கால் ஆடவில்லை.